ஒரே எஞ்சின், ரெண்டு வேலை: ஷெவர்லே ஆறு சிலிண்டர் காரிலும் லாரியிலும்

(ஒலிப்பதிவில் இருந்து, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திய வடிவம்.)

ஓசூர்ல இருந்து பேசறேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, சிப்காட்ல ஷிஃப்ட் மாறுற நேரம்.

போன மாசம் நம்ம லிசனர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவங்க வீட்டு ஷெட்ல 1951 மாடல் ஷெவர்லே கார் ஒண்ணு நிக்குது. தாத்தா வாங்கினது. எஞ்சின் ஜாம் ஆகி, பிளாக்ல ஒரு விரிசலும் விழுந்திருக்கு. இப்போ கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில, அதே காலத்து ஷெவர்லே லாரியில இருந்து எடுத்த ஆறு சிலிண்டர் எஞ்சின் கிடைக்குது. கேட்கிற விலை லட்சத்துக்கு மேல. ஒரு வாரத்துல அட்வான்ஸ் கொடுக்கணுமாம். "ப்ரோ, லாரி எஞ்சின்தானே, இன்னும் ஸ்ட்ராங்காத்தானே இருக்கும்? தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த வண்டியிலேயே சென்னை வரைக்கும் போயிடலாம்னு இருக்கேன்" என்று கேட்டிருந்தார்.

இந்த "லாரி எஞ்சின்தானே, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்கிற வரிதான் இன்னிக்கு எபிசோட். ஓசூர்ல இது கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கை. 1980ல அசோக் லேலண்ட் இங்கே ஆலை போட்டதில் இருந்து இந்த ஊருக்கு லாரி என்றால் ஒரு மரியாதை. யாரைக் கேட்டாலும் லாரி எஞ்சின் கல்லு, கார் எஞ்சின் கண்ணாடின்னு சொல்லிடுவாங்க. ஆனா இந்த ஷெவர்லே விஷயத்துல அந்த நம்பிக்கையை வச்சுக்கிட்டு நேஷனல் ஹைவேல ஏறினா, எஞ்சின் வழியிலேயே போயிடும். ஏன்னு பார்க்கணும்னா, முதல்ல இந்த எஞ்சின் என்னன்னு தெரியணும்.

ஷெவர்லே 1929 மாடலுக்காக ஒரு ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி அவங்களோடது நாலு சிலிண்டர். போட்டிக்கு எதிரே நின்னது ஃபோர்டின் நாலு சிலிண்டர் மாடல் ஏ. "நாலோட விலையில ஆறு" என்பதுதான் ஷெவர்லேயின் வியாபார அடி. 194 கன அங்குலம், அதாவது சுமார் 3.2 லிட்டர், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். வால்வு மேலே ஹெட்ல இருக்கும். பிஸ்டன் வார்ப்பிரும்பு. விறகு அடுப்புல போடற மாதிரி, தலையில கீறல் போட்ட போல்ட்டுகள் இதுல இருந்ததால "ஸ்டவ்போல்ட்"னு ஒரு செல்லப் பேர் ஒட்டிக்கிச்சு. முதல் நாள்ல இருந்தே இந்தக் குடும்பம் காருக்கும் போச்சு, லாரிக்கும் போச்சு. அந்தக் காலத்துல அது சாதாரணம். எஞ்சின் வார்க்கிற அச்சும், துளை போடற மெஷினும்தான் பெரிய செலவு. அதை ஒரு தடவை செஞ்சுட்டா, எத்தனை வண்டியில போட முடியுமோ அத்தனையிலும் போடுவாங்க.

இதுக்கு நல்ல சாட்சி டொயோட்டா. பிடதியில இன்னிக்கு ஃபேக்டரி வச்சிருக்கிற அதே டொயோட்டாதான். அவங்க முதல் எஞ்சினான டைப் ஏ, ஷெவர்லேயோட இந்த ஆறு சிலிண்டரைப் பிரிச்சுப் பார்த்து செஞ்சது. 3.4 லிட்டர். அதை 1935ல ஜி1 லாரியில போட்டாங்க, 1936ல ஏஏ காரிலும் அதையே போட்டாங்க. புதுக் கம்பெனிக்கு ரெண்டு எஞ்சின் செய்யற வசதி ஏது?

நம்ம ஊருக்கு இது வந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல பம்பாயில அசெம்பிளி ஆலை திறந்தது. பெட்டியில வர்ற பாகங்களை அங்கே பூட்டி வித்தாங்க, காரும் லாரியும். தெற்கே மதுரையின் டிவிஎஸ்தான் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பெரிய விநியோகஸ்தர். இன்னிக்கு ஓசூர்ல டிவிஎஸ்னா நமக்கு டூ வீலர் ஞாபகம்தான் வரும். ஆனா அந்தக் குடும்பம் பஸ்ஸும் லாரியும் ஓட்டி, வித்து வளர்ந்தது. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ, கரியை எரிச்சு வர்ற வாயுவுல எஞ்சினை ஓட்ட டிவிஎஸ் கேஸ் பிளான்ட்னு ஒண்ணு செஞ்சே வித்தாங்க. உங்க தாத்தா பாட்டிகிட்ட "கரி பஸ்"னு கேட்டுப் பாருங்க, மேட்டுல இறங்கித் தள்ளின கதை வரும். கரி வாயுவுல ஓடினா எஞ்சினோட சக்தி மூணுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ குறைஞ்சுடும், அதான் தள்ளல்.

போர்க்காலத்துல கனடாவில் செஞ்ச ஷெவர்லே ராணுவ லாரிகளும் இந்தியாவுக்கு ஏராளமா வந்தது. அதுலயும் இதே குடும்பத்து 216 எஞ்சின், 85 குதிரைத்திறன். போர் முடிஞ்சதும் டிஸ்போசல்ல வித்துத் தள்ளினாங்க. அப்புறம் 1953ல டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யற திட்டம் இல்லாதவங்களுக்கு இடமில்லைன்னு சொல்ல, 1954ல ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டிருச்சு. இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கங்க. ஷெவர்லே எஞ்சின் உள்ளுக்குள்ள முழுசா மாறினதும் சரியா அதே 1953, 1954ல தான். அதாவது நம்ம ஊர்ல கிடைக்கிறதுல பெரும்பாலும் மாறுறதுக்கு முந்தின எஞ்சின்.

சரி, கார் வடிவத்துக்கும் லாரி வடிவத்துக்கும் என்ன வித்தியாசம்?

1937ல எஞ்சினைப் புதுசா வடிவமைச்சு 216 கன அங்குலம் ஆக்கினாங்க. 3.5 லிட்டர். காருக்கும் சின்ன டிரக்குக்கும் இதுதான். 1941ல பெரிய லாரிகளுக்குன்னு 235 வந்தது, 3.9 லிட்டர். அந்த வருஷத்துக் கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சா எனக்கு ரொம்பப் பிடிக்கும். 216க்கு 90 குதிரைத்திறன், 235க்கு 93. வெறும் மூணு குதிரைதான் கூட. இதுக்கா ஒரு தனி எஞ்சின்னு தோணும். ஆனா டார்க்கைப் பாருங்க: 236 நியூட்டன் மீட்டர் எங்கே, 260 எங்கே. பத்து சதவீதம் கூட. அதுவும் லாரி எஞ்சின் தன் உச்ச சக்தியைக் குறைஞ்ச சுற்றுலயே கொடுத்துடும். 216க்கு 3,300 ஆர்பிஎம், 235க்கு 3,100.

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் சுற்று வேகத்தையும் பெருக்கினா வர்றது. லாரிக்காரனுக்கு சுற்று வேகம் வேணாம். மூட்டையை ஏத்திட்டு சூளகிரி மேட்டுல மெதுவா, நிக்காம ஏறணும். அதுக்கு வேண்டியதை மட்டும் கூட்டியிருக்காங்க. எப்படி? சிலிண்டர் துளையை 88.9 மில்லிமீட்டர்ல இருந்து 90.5 ஆக்கினாங்க, பிஸ்டன் மேல கீழ போற தூரத்தை 95ல இருந்து 100 மில்லிமீட்டர் ஆக்கினாங்க. இந்த 100ஐ ஒரு ஓரமா எழுதி வச்சுக்கங்க, பின்னாடி நம்ம லிசனரைக் கடிக்கப் போறது அதுதான்.

மத்த வித்தியாசம் எல்லாம் எஞ்சினைச் சுத்தித்தான். லாரிக்கு கிளட்ச் தட்டு பெரிசு. தூசி ரோட்டுக்குன்னு ஆயில்ல காத்தை அலசி அனுப்பற ஏர் ஃபில்டர். வேணும்னா கார்புரேட்டருக்குக் கீழே ஒரு கவர்னர், டிரைவர் என்னதான் மிதிச்சாலும் சுற்று ஒரு அளவைத் தாண்டாது. முதலாளி கூட உட்கார்ந்து வர மாட்டார் இல்லையா, அதனால இரும்புலயே ஒரு முதலாளியை வச்சுட்டாங்க. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, கோட் கிட்டத்தட்ட ஒண்ணு, கான்ஃபிக் ஃபைல்தான் வேற.

இதுல எல்லாத்தையும் விட முக்கியமான கான்ஃபிக், கியர். 1951 கார்ல பின் ஆக்ஸில் விகிதம் 4.11. அதாவது டாப் கியர்ல எஞ்சின் 4.11 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. பெரிய லாரியில 6.17. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கார் டயரோட சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். மணிக்கு 70 கிலோமீட்டர்ல எஞ்சின் 2,150 ஆர்பிஎம் பக்கம் சுத்தும். 90ல 2,750. லாரி டயர் பெரிசு, சுற்றளவு 2.9 மீட்டர் பக்கம். அது 50ல போனா எஞ்சின் 1,750 சுத்தும். அன்னிக்கு ரோட்டுல லோடு லாரி அதுக்கு மேல போனது அபூர்வம். ஆக லாரி எஞ்சின் வாழ்க்கையெல்லாம் 1,700, 1,800ல தம் கட்டி இழுத்திருக்கும். அதைக் கார்ல வச்சு 90ல போனா, அது மணிக்கணக்கா பார்த்தே இருக்காத 2,750ல ஓடும்.

இப்போ அந்த 100 மில்லிமீட்டர். ஒரே 2,750 சுற்றுல கார் எஞ்சின் பிஸ்டனோட சராசரி வேகம் விநாடிக்கு 8.7 மீட்டர். லாரி எஞ்சினுக்கு 9.2. ஏன்னா அது அதிக தூரம் போய் வரணும். பிஸ்டனும் வார்ப்பிரும்பு, துளை பெரிசா இருக்கறதால எடையும் கூட. மேலே போய் நின்னு திரும்பற ஒவ்வொரு தடவையும் அந்த எடையை இழுத்து நிறுத்துறது கனெக்டிங் ராடும் அதோட பேரிங்கும். அந்த விசை சுற்று வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 70ல இருந்து 90க்குப் போனா வேகம் முப்பது சதவீதத்துக்குப் பக்கம்தான் கூடுது, விசை அறுபது சதவீதத்துக்கு மேல கூடிடும். ஹைவேல நிதானமா 90ல போற விஷயத்துல, லாரி எஞ்சின் கார் எஞ்சினை விட ஒரு படி பலவீனமானது. மேட்டுல அதுதான் ராஜா. சமதரையில வேகமா போறது அதோட வேலையே இல்ல.

அடுத்தது ஆயில். இதைப் பத்தி நான் ராயக்கோட்டை ரோட்டுல ஒரு பட்டறையில ரொம்ப நேரம் உட்கார்ந்து கேட்டுக்கிட்டேன். அங்கே இருக்கிற அண்ணாவுக்கு அறுபது வயசுக்கு மேல. அப்பா காலத்துல இருந்து லாரி வேலை. தமிழ்ல ஆரம்பிச்சு, தெலுங்குல திட்டி, கன்னடத்துல முடிப்பார். "தம்பி, இதுக்கு பிரஷர் பார்த்து பயப்படக் கூடாது, பிரஷர் இல்லாத இடத்தைப் பார்த்துதான் பயப்படணும்" என்றார். எனக்கு முதல்ல புரியல. சம்ப்பைக் கழட்டிக் காட்டினார்.

இன்னிக்கு எஞ்சின்கள்ல ஆயில் பம்ப், கிராங்க்குக்குள்ள இருக்கிற துளை வழியா ஒவ்வொரு ராட் பேரிங்குக்கும் அழுத்தத்தோட ஆயிலை அனுப்பும். இந்தப் பழைய ஷெவர்லேல கிராங்க்கைத் தாங்கற மெயின் பேரிங்குகளுக்கு மட்டும்தான் அந்தக் கவனிப்பு. ராட் பேரிங்குக்கு வேற ஏற்பாடு. ராட் மூடிக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு சின்ன வாய் இருக்கும். சம்ப்புக்குள்ள ஆறு தொட்டி. கிராங்க் சுத்தும்போது கரண்டி தொட்டியில முங்கி ஆயிலை அள்ளும். வேகம் கூடினா முங்கி அள்ள நேரம் பத்தாது, அதனால ஒவ்வொரு கரண்டிக்கும் நேரா ஒரு குழாய் முனை, அது பீய்ச்சுற ஆயில் கரண்டி வாயில வந்து விழணும். அந்த முனை குறி தவறினா முடிஞ்சுது. ரோட்டுக் கல்லு சம்ப்புல அடிச்சு ஒரு முனை லேசா வளைஞ்சிருந்தா போதும், ஐடில்ல எஞ்சின் பூ மாதிரி ஓடும், அரை மணி நேரம் வேகமா போனா அந்த ஒரு ராட் காய்ஞ்சு போகும். குறியைச் சரி பார்க்கவே கம்பெனி ஒரு தனி அளவுகோல் கொடுத்திருந்தது.

பேரிங்கும் இன்னிக்கு மாதிரி கழட்டி மாட்டற ஷெல் இல்ல. ராட்லயே வெள்ளீயக் கலவையை உருக்கி ஊத்தி, துளை போட்டு, கையால சுரண்டி உட்கார வைக்கறது. மூடிக்கும் ராடுக்கும் நடுவுல மெல்லிசு மெல்லிசா தகடு அடுக்கியிருப்பாங்க. பேரிங் தேய்ஞ்சா ஒரு தகட்டை எடுத்துட்டு முடுக்கிக்கலாம். அது ரொம்ப புத்திசாலித்தனமான ஏற்பாடு. ரோட்டோரத்துல, மரத்தடியில, ஒரு ஸ்பேனரை வச்சு செஞ்சு முடிக்கிற வேலை. லாரிக்காரங்க அதை விரும்பினதுக்குக் காரணம் அதுதான். எஞ்சின் கெடாதுன்னு இல்ல, கெட்டா வழியிலேயே சரி பண்ணிக்கலாம்.

இந்த எஞ்சின்ல ஆயில் பிரஷர் 14 பிஎஸ்ஐ பக்கம் நின்னா அது ஆரோக்கியம். மீட்டரே 30ல முடிஞ்சுடும். இது தெரியாம பலர் பயந்து, கெட்டி ஆயிலை ஊத்தி மீட்டர் முள்ளை ஏத்துவாங்க. முள்ளு ஏறும். ஆனா கெட்டி ஆயில் குளிர்ல தொட்டியில சரியா பரவாது, கரண்டிக்குள்ள சட்டுனு போகாது. மீட்டரைச் சந்தோஷப்படுத்திட்டு ராடைப் பட்டினி போடற வேலை. டாஷ்போர்டு பச்சையா இருக்கறதுக்காக சிஸ்டத்தைக் கெடுக்கிறது எங்க தொழில்லயும் உண்டு, பேர் சொல்ல மாட்டேன்.

முக்கியமான விஷயம், இந்தக் கரண்டி ஏற்பாடு 216 கார் எஞ்சினுக்கும் உண்டு, 1941ல வந்த 235 லாரி எஞ்சினுக்கும் உண்டு. லாரிக்குன்னு தனியா உசத்தியா எதுவும் பண்ணல. லாரி மெதுவா போறதால தேவைப்படல.

அப்புறம்தான் கதை தலைகீழா திரும்புது. 1950ல ஷெவர்லே தன் கார்கள்ல பவர்கிளைட்னு ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டு வந்தது. அது எஞ்சின் சக்தியில கொஞ்சத்தை எண்ணெயைக் கலக்கியே தின்னுடும். 216 பத்தல. என்ன செஞ்சாங்க? பெரிய லாரியோட 235ஐ எடுத்து காருக்குள்ள வச்சாங்க. ஆனா காருக்குள்ள சத்தம் கேட்கக் கூடாதே, அதனால வால்வு டாப்பெட்டை ஹைட்ராலிக் ஆக்கினாங்க, 105 குதிரைத்திறன். 1953ல பவர்கிளைட் கார்களுக்கு மட்டும் முழு பிரஷர் ஆயில், அலுமினிய பிஸ்டன், ஷெல் பேரிங் எல்லாம் வந்தது, 115 குதிரைத்திறன். அதே வருஷம் கையால கியர் போடற காருக்கு அதே 235, ஆனா பழைய கரண்டி ஏற்பாடு, 108. ஒரே ஷோரூம்ல, ஒரே அளவு எஞ்சின், உள்ளே ரெண்டு தலைமுறை! 1953 கோர்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்குப் போனதும் இந்த 235தான். மூணு கார்புரேட்டர் வச்சு 150 குதிரைத்திறன் எடுத்தாங்க. 1954ல தான் காருக்கும் லாரிக்கும் முழுசா பிரஷர் ஆயில் வந்தது. அதாவது எஞ்சினை நிஜமா பலப்படுத்தின மாற்றம் கார்ல ஆரம்பிச்சு லாரிக்குப் போச்சு. நம்ம ஊர் நம்பிக்கைக்கு நேர் எதிர்.

அதே 1954ல கனரக லாரிக்குன்னு 261 வந்தது, 4.3 லிட்டர், 135 குதிரைத்திறன். வெளியே பார்த்தா 235 மாதிரியேதான். உள்ளே சிலிண்டரைப் பெரிசாக்கினதுல பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் சுவர்கள் ஒட்டிப் போச்சு, நடுவுல தண்ணி ஓட இடமில்லை. அதனால பிளாக்லயும் ஹெட்லயும் சின்னதா நீராவித் துளைகள் போட்டாங்க. 235 ஹெட்டை அப்படியே 261 மேல மாட்டினா அந்தத் துளைகள் அடைபட்டு, அங்கே நீராவி தங்கி, ஹெட் விரிசல் விடும். யாராவது உங்ககிட்ட "261 இருக்கு, ஹெட்டு மட்டும் வேற"ன்னு சொன்னா, துளை போட்டிருக்கான்னு முதல்ல கேளுங்க. வெளித்தோற்றத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, பிளாக்ல இருக்கிற வார்ப்பு எண்ணைப் பாருங்க. பழசா புதுசான்னு மட்டும் சீக்கிரம் தெரியணும்னா வால்வு மூடியைப் பாருங்க. 216லயும் பழைய 235லயும் மேல நடுவுல ரெண்டு நட்டு. 1954க்குப் பிறகு ஓரத்துல நாலு ஸ்க்ரூ. ஆனா மூடியை யார் வேணும்னாலும் மாத்தியிருக்கலாம், அதனால இது முதல் குறிப்பு மட்டும்.

நம்ம லிசனர் அனுப்பின போட்டோல ரெண்டு நட்டு. வார்ப்பு எண்ணும் பழைய 235ன்னுதான் சொல்லுது. கரண்டி எஞ்சின்.

அவருக்கு நான் சொன்னது இதுதான். ஏறுமான்னு கேட்டா, ஏறும். பழைய 235, 216 இருந்த இடத்துல கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். லாரி கிளட்ச், ஃபிளைவீல், பெல் ஹவுசிங் மூணையும் மட்டும் அளந்து பார்த்து, கார்ல இருந்ததையே திரும்பப் போடணும். 1955க்குப் பிந்தைய எஞ்சினா இருந்திருந்தா தண்ணி பம்ப் உட்கார்ற உயரம் வேற, ஃபேன் ரேடியேட்டரோட மல்லுக்கு நிக்கும். அந்தத் தொல்லை இதுல இல்ல.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி கடைக்காரர் சம்ப்பைக் கழட்டிக் காட்டணும். மாட்டேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. கழட்டினா மூணு விஷயம். ஆறு கரண்டியும் முழுசா இருக்கா. குழாய் முனைகள் நேரா இருக்கா. ராட் மூடிகள்ல தகடு மிச்சம் இருக்கா. தகடே இல்லாம ராட் ஆடினா, ஆறு ராடுக்கும் வெள்ளீயம் ஊத்தற செலவு வரும். அந்த வேலை தெரிஞ்ச கை இப்போ குறைவு.

சென்னைப் பயணத்தைப் பத்தி: ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி என்எச் 44, அதுக்கப்புறம் என்எச் 48, மொத்தம் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500. போகும்போது இறக்கம். திரும்பி வரும்போது அந்த நானூறு மீட்டரை ஏறணும், அங்கே லாரி எஞ்சினோட டார்க் சும்மா சிரிச்சுக்கிட்டே ஏத்தும். கவலை எனக்கு வாலாஜாப்பேட்டைக்கு அப்புறம் வர்ற சமதரையிலதான். பக்கத்துல எஸ்யூவிங்க பறக்கும், நமக்கும் கால் தானா அழுத்தும். 65, 70ஐத் தாண்டாதீங்கன்னு சொன்னேன். இடது ஓரமா, லாரிகளோட லாரியா போங்க.

கடைசியா சட்டம். இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. எஞ்சின் மாத்தினா ஆர்சியில எஞ்சின் நம்பர் மாறணும், அது ஆர்டிஓ வேலை. அதுக்கு மேல, 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு விதி கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டி, சொந்த உபயோகம், நம்பர் பிளேட்ல "விஏ"ன்னு தனி வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா வண்டி ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். சேசிஸ், பாடி, எஞ்சின் இதுல பெரிய மாற்றம் இருந்தா விண்டேஜ் கிடையாது. அது மட்டும் இல்ல, விஏ நம்பர் வாங்கிட்டா கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் இந்த மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டுல வரலாம். கல்யாணத்துக்குச் சென்னை போறது அந்தப் பட்டியல்ல வராது.

லாரி எஞ்சின் வச்சா அது ஒரிஜினலா இல்லையா? 1950ல ஷெவர்லே கம்பெனியே இதே 235ஐ இதே கார்ல வச்சு வித்திருக்கு. மனசுக்கு அது போதும்னு எனக்குத் தோணுது. ஆனா பரிசோதிக்க வர்ற கமிட்டிக்கு மனசு கணக்கு கிடையாது, அவங்க எஞ்சின் நம்பரைத்தான் பார்ப்பாங்க. ஆகவே ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிக்கங்க: ஓட்டற காரா, இல்ல பதிவு வாங்கின விண்டேஜா.

அந்த முடிவுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னேன். விரிசல் விட்ட பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுடாதீங்க. வார்ப்பிரும்பு விரிசலை வெல்டிங் இல்லாம, விரிசல் நெடுக துளை போட்டு, திருகு இறக்கித் தைக்கிற முறை இருக்கு. விரிசல் தண்ணி ஓடற வெளிச் சுவர்ல மட்டும் இருந்தா தாராளமா சரியாகும். சிலிண்டருக்குள்ள போயிருந்தா கஷ்டம். இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கு, இதை இங்கே செய்ய முடியலைன்னா வேற எங்கே செய்ய முடியும்? ராயக்கோட்டை ரோடு அண்ணா பிளாக்கைக் கொண்டு வரச் சொல்லியிருக்கார். வாட்டர் ஜாக்கெட்ல தண்ணி ஊத்தி, அழுத்தம் கொடுத்து, எங்கே கசியுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்னார். இரும்புக் கடைக்காரர்கிட்ட இன்னும் ஒரு வாரம் டைம் கேட்டிருக்கு.

உங்க வீட்டு ஷெட்லயும் இந்த மாதிரி ஏதாவது நின்னா, வால்வு மூடியும் வார்ப்பு எண்ணும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.